கார்ட்டிசாலைத் தடுக்கும் மருந்துகள் எலும்புக்கு நல்லதா, கெட்டதா?

கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடினால் எலும்பு தேயும் என்கிறது ஒரு செய்தி. கார்ட்டிசாலைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்கியவருக்கு உடம்பெல்லாம் மூட்டுவலி வந்துவிட்டது என்கிறது இன்னொன்று. இரண்டையும் படித்தவர் குழம்பிப்போவதில் ஆச்சரியமில்லை. இரண்டும் உண்மைதான். ஆனால் முதலாவது மிகையான கார்ட்டிசாலைப் பற்றியது. இரண்டாவது, பல வருடம் மிகையாக இருந்தது திடீரென்று இறங்கும்போது நடப்பது.

போதாக்குறைக்கு, 'கார்ட்டிசால் குறைப்பு' என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. உடம்பில் கார்ட்டிசால் மிகையாகும் குஷிங் சிண்ட்ரோம் என்ற நோய்க்கு ஹார்மோன் மருத்துவர்கள் எழுதித்தரும் மருந்துகள் ஒன்று. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படும், கார்ட்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மாத்திரைகளால் வரும் எலும்புத் தேய்மானம் இரண்டாவது. மன அழுத்தத்தைக் குறைக்கும் என்று கடைகளில் விற்கும் துணை மாத்திரைகள் மூன்றாவது. இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது. மற்ற இரண்டும் கடைசியில் வரும்.

கார்ட்டிசால் எங்கிருந்து வருகிறது

சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போட்டது போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசாலைச் சுரக்கின்றன. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அந்த உத்தரவைக் கொண்டுபோகும் ஹார்மோனுக்கு ஏ.சி.டி.எச். என்று பெயர். ரத்தத்தில் கார்ட்டிசால் போதுமான அளவு சேர்ந்ததும் பிட்யூட்டரி தன் உத்தரவைக் குறைத்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு தினசரி ஒழுங்கும் உண்டு. விடியும் நேரத்தில் அளவு உச்சத்தில் இருக்கும், பகலில் இறங்கிக்கொண்டே வரும், நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போய்விடும். குஷிங் சிண்ட்ரோமில் முதலில் குலைவது இந்த ராத்திரி இறக்கம்தான். நோயைக் கண்டுபிடிக்க நள்ளிரவு எச்சிலைச் சோதிப்பதும் இதனால்தான்.

கார்ட்டிசால் இல்லாமல் உயிர் வாழ முடியாது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிப்பதும், நோய் எதிர்ப்புச் சக்தி கட்டுமீறாமல் பார்த்துக்கொள்வதும் இதன் வேலை. அதனால் இதை ஒரு விஷம்போலப் பார்க்கும் எந்த விளக்கமும் தொடக்கத்திலேயே தவறிவிடுகிறது. எலும்புக்குக் கெடுதல் செய்வது அளவுக்கு மீறிய கார்ட்டிசால், அதுவும் மாதக்கணக்கில் நீடித்தால்.

அந்த மீறலுக்கு இரண்டு வழிகள் உண்டு. பிட்யூட்டரியிலோ அட்ரினலிலோ கட்டி வந்து உடம்பே அதிகம் சுரப்பது ஒன்று. மருந்தாக ஸ்டீராய்டு உள்ளே போவது மற்றொன்று. முதல் வகையை 1932இல் விரிவாக எழுதியவர் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். அவர் விவரித்த நோயாளிகளிடமே முதுகுக் கூனும், உயரம் குறைவதும், இடுப்புப் பக்க முதுகுவலியும் இருந்தன. எலும்புப் பிரச்சினை இந்த நோய்க்குப் புதிதாக ஒட்டவைத்த ஒன்று கிடையாது, ஆரம்பத்திலிருந்தே கூடவே இருக்கிறது.

எலும்பு சும்மா இருப்பதில்லை

வளர்ந்த மனிதரின் எலும்பு கல் மாதிரி கிடப்பதாகத் தோன்றும். உண்மையில் அது ஓயாமல் இடித்துக் கட்டப்படுகிறது. ஒரு வருடத்தில் மொத்த எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதிதாகிவிடும்.

இந்த வேலையில் மூன்று வகை செல்கள் இருக்கின்றன. பழைய எலும்பைக் கரைத்துக் குழி போடுபவை ஆஸ்டியோகிளாஸ்டுகள். அந்தக் குழியை நிரப்பிப் புது எலும்பு கட்டுபவை ஆஸ்டியோபிளாஸ்டுகள். எலும்புக்குள்ளேயே புதைந்து கிடந்து, எங்கே பழுது, எங்கே பாரம் அதிகம் என்று உணர்ந்து சொல்பவை ஆஸ்டியோசைட்டுகள். எலும்பில் இருக்கும் செல்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இந்தக் கடைசி வகைதான்.

கரைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டுவதற்கு மாதங்கள் ஆகும். கட்டுமானம் கொஞ்சம் தளர்ந்தாலும் குழி முழுசாக நிரம்பாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை சேரும். அப்புறம் ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகெலும்பு நசுங்கும்.

எலும்பிலும் இரண்டு வகை உண்டு. தொடை எலும்பின் தண்டுப் பகுதி போல இறுக்கமானது ஒன்று. முதுகெலும்புக் கட்டைகளுக்குள் இருப்பது போலத் தேன்கூட்டு வலையாக அமைந்தது இன்னொன்று. வலை எலும்புக்கு மேற்பரப்பு மிக அதிகம். இடித்துக் கட்டும் வேலை மேற்பரப்பில்தான் நடக்கும் என்பதால் ஹார்மோன் மாற்றம் முதலில் அடிப்பது இதைத்தான்.

மிகையான கார்ட்டிசால் என்ன செய்கிறது

1. கட்டும் செல்களை முடக்குகிறது. இதுதான் பிரதான சேதம். புது ஆஸ்டியோபிளாஸ்டுகள் உருவாவது குறைகிறது, இருப்பவை சீக்கிரம் செத்துப்போகின்றன. இந்தச் செல்கள் சுரக்கும் ஆஸ்டியோகால்சின் என்ற புரதம் ரத்தத்தில் வீழ்ச்சியடைவதைப் பரிசோதனையிலேயே பார்க்கலாம்.

2. ஆஸ்டியோசைட்டுகளைக் கொல்கிறது. இதனால் எலும்பின் அளவு பெரிதாகக் குறையாமலேயே தரம் கெட்டுவிடுகிறது. கார்ட்டிசால் மிகையுள்ளவர்களுக்கு, ஸ்கேனில் அடர்த்தி அவ்வளவு மோசமாகத் தெரியாதபோதும் எலும்பு முறிவதற்கு முக்கியமான காரணம் இது.

3. ஆரம்பத்தில் கரைக்கும் பக்கத்தையும் தூண்டுகிறது. ரேங்க்எல் என்ற சமிக்ஞைப் புரதம் கூடுகிறது, அதைக் கட்டுப்படுத்தும் புரதம் குறைகிறது. ஆஸ்டியோகிளாஸ்டுகளுக்கு ஆயுள் நீள்கிறது.

4. கால்சியத்தைக் கெடுக்கிறது. குடல் கால்சியத்தைக் குறைவாக உறிஞ்சுகிறது, சிறுநீரில் அதிகமாக வெளியேறுகிறது.

5. மற்ற ஹார்மோன்களை அமுக்குகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு தடைப்பட்டு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது, வளர்ச்சி ஹார்மோனும் குறைகிறது. மூன்றுமே எலும்பைத் தாங்குபவை.

6. தசையை இளைக்க வைக்கிறது. தொடைத் தசை பலவீனமானவர் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாது, எளிதில் தடுக்கி விழுவார். முறிவுக்கு மெலிந்த எலும்பு பாதிக் காரணம் என்றால் விழுவது மறுபாதி.

குஷிங் சிண்ட்ரோம் உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரைக்கும் எலும்பு முறிவு ஏற்படுகிறது. முதுகெலும்பிலும் விலா எலும்புகளிலும்தான் அதிகம். பலருக்கு முதுகெலும்பு நசுங்கியதே தெரியாது, 'முதுகு பிடித்துக்கொண்டது' என்று நினைத்திருப்பார்கள்.

ஓர் உதாரண அறிக்கையைப் பார்ப்போம். 38 வயதுப் பெண், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். இடுப்புப் பக்க முதுகெலும்பில் இசட் ஸ்கோர் −2.6, தொடை எலும்புக் கழுத்தில் −1.2. இசட் ஸ்கோர் என்பது அதே வயதினரின் சராசரியோடு ஒப்பிடுவது, −2க்குக் கீழே போனால் வயதுக்குப் பொருந்தாத தேய்மானம் என்று அர்த்தம். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் இதைத்தான் பார்க்க வேண்டும். டி ஸ்கோர் என்பது இளம் வயது உச்ச அடர்த்தியோடு ஒப்பிடுவது, வயதானவர்களுக்கானது. இந்த அறிக்கையில் கவனிக்க வேண்டியது இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி. வலை எலும்பு நிறைந்த முதுகு தொடையைவிட வெகுவாக அடிவாங்கியிருக்கிறது. இளம் வயதில் இப்படி ஒரு அறிக்கை வந்தால், 'கால்சியம் போதவில்லை' என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடாமல் கார்ட்டிசாலையும் ஒருமுறை சோதிப்பது நல்லது.

மருந்துகள் எங்கே கை வைக்கின்றன

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குஷிங் சிண்ட்ரோமுக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் அறுவைதான், கட்டியை எடுத்துவிடுவது. அறுவைக்கு முன் உடம்பைத் தேற்றவும், அறுவை பலிக்காதபோதும், செய்ய முடியாதபோதும், கதிர்வீச்சு வேலை செய்யும்வரை காத்திருக்கும்போதும்தான் மருந்துகள் வருகின்றன. அவை வேலை செய்யும் இடத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

பிட்யூட்டரியில் வேலை செய்பவை. பாசிரியோடைடு, கேபர்கோலின். ஏ.சி.டி.எச். உத்தரவைக் குறைப்பவை.

அட்ரினலில் உற்பத்தியைத் தடுப்பவை. கொலஸ்ட்ராலிலிருந்து கார்ட்டிசால் வரை பல நொதிகள் படிப்படியாக வேலை செய்கின்றன. மெடிரபோனும் ஆசிலோட்ரோஸ்டாட்டும் கடைசிப் படியை அடைக்கின்றன. பூஞ்சைத் தொற்றுக்காக வந்த கீட்டோகோனசோல் ஒரே சமயத்தில் பல படிகளை அடைக்கிறது. அதன் இரு கண்ணாடி பிம்ப வடிவங்களில் ஒன்றான லீவோகீட்டோகோனசோலுக்கு அமெரிக்காவில் 2021இல் அனுமதி கிடைத்தது, ஆசிலோட்ரோஸ்டாட்டுக்கு 2020இல். மைட்டோடேன் இன்னும் கடுமையானது, அட்ரினல் செல்களையே அழிக்கும். அட்ரினல் புற்றுநோய்க்குத்தான் அதிகம் பயன்படுகிறது.

கார்ட்டிசால் உட்காரும் இடத்தை மறிப்பவை. மிஃபிப்ரிஸ்டோன். கருக்கலைப்புக்குப் பயன்படும் அதே மருந்துதான், ஆனால் தினமும், அதிக அளவில். கார்ட்டிசால் மிகையால் ரத்தச் சர்க்கரை ஏறியவர்களுக்காக அமெரிக்காவில் 2012இல் அனுமதிக்கப்பட்டது. இது கார்ட்டிசாலைக் குறைப்பதில்லை. செல்களின் ஏற்பியில் கார்ட்டிசால் போய் ஒட்டாமல் தடுக்கிறது. அதனால் ரத்தத்தில் கார்ட்டிசால் அளவு இன்னும் ஏறக்கூடச் செய்யும். அந்த எண்ணைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டினால் பெரிய தப்பு. சர்க்கரை, எடை, தசை பலம், உடல் அறிகுறிகள் இவற்றை வைத்துத்தான் அளவிட முடியும்.

ஒவ்வொரு மருந்தும் எலும்பில் விடும் தடம்

எல்லா மருந்தும் எலும்புக்குச் செய்யும் முதல் உதவி ஒன்றுதான், மிகையை நீக்குவது. அங்கேதான் ஒற்றுமை முடிகிறது. ஒவ்வொன்றும் கார்ட்டிசாலோடு சேர்த்து வேறு எதையாவது தொட்டுவிடுகிறது.

கீட்டோகோனசோலை எடுத்துக்கொள்வோம். இது அடைக்கும் படிகளில் ஒன்று ஆண் ஹார்மோன்கள் உருவாகும் பாதையில் இருக்கிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கலாம், மார்பு வீங்கலாம். டெஸ்டோஸ்டிரோன் குறைந்த நிலை வருடக்கணக்கில் நீடித்தால் அதுவே எலும்பைத் தேய்க்கும். இன்னொன்றும் உண்டு. வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் சிறுநீரக நொதியையும் இது தடுக்கிறது. அந்தப் பின்விளைவையே பயன்படுத்தி, வைட்டமின் டி மிகையால் ரத்தக் கால்சியம் ஏறும் சில நோய்களில் இந்த மருந்தைக் கொடுப்பதும் உண்டு. ஏற்கெனவே கால்சியம் உறிஞ்சுவது குறைந்திருக்கும் ஒருவருக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம்.

மருந்தோடு மருந்து மோதும் சங்கதியும் இருக்கிறது. கீட்டோகோனசோல் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலென்ட்ரோனேட் மாத்திரை உணவுக்குழாயை எரிக்கக்கூடியது என்பதால், கூடவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போட்டுக்கொள்பவர்கள் நிறைய. அமிலம் குறைந்தால் கீட்டோகோனசோல் சரியாக ஏறாது, கார்ட்டிசால் மறுபடி கூடும், எலும்புக்கே பாதிப்பு. எலும்பு மருந்தை ஒரு மருத்துவரும் கார்ட்டிசால் மருந்தை இன்னொருவரும் எழுதும்போது இந்தச் சுற்று யார் கண்ணிலும் படாமல் போக வாய்ப்பு அதிகம். இரண்டு சீட்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கச் சொல்வதில் தவறில்லை.

மெடிரபோனும் ஆசிலோட்ரோஸ்டாட்டும் எதிர்த்திசையில் போகின்றன. கடைசிப் படி அடைபட்டதும் முந்தைய படிகளில் சரக்கு தேங்கி, ஒரு பகுதி ஆண் ஹார்மோன்களாக மாறுகிறது. பெண்களுக்கு முகத்தில் முடியும் பருவும் வருவது இதனால்தான். எலும்பை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆண் ஹார்மோன் விரோதி கிடையாது. அதற்காக இதை ஓர் ஆதாயமாகச் சொல்வதும் சரியில்லை. இன்னொரு பகுதித் தேக்கம் உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோனாகச் சேர்ந்து, ரத்த அழுத்தம் ஏறவும் பொட்டாசியம் இறங்கவும் வழி செய்கிறது. பொட்டாசியம் குறைந்தால் தசை சோர்ந்துபோகும், விழும் ஆபத்து கூடும். தேங்கி நிற்கும் முன்னோடிப் பொருளைச் சில பரிசோதனை முறைகள் கார்ட்டிசால் என்றே தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. மருந்து தேவைக்கு மேலேயே வேலை செய்துகொண்டிருக்க, அறிக்கை 'இன்னும் அதிகம்' என்று காட்டும்.

மைட்டோடேன் விஷயத்தில் சிக்கல் வேறு. இது கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுவதால், கார்ட்டிசாலுக்கு மாற்றாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை வேகமாகக் கரைந்துபோகிறது. மற்றவர்களுக்குப் போதுமான அளவு இவர்களுக்குப் போதாது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவும் சேர்ந்துகொள்ளும்.

பாசிரியோடைடு ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் பேர்போனது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் அடர்த்தி நன்றாக இருந்தாலும் எலும்பு எளிதில் முறியும் என்பதால் இதை மறந்துவிடக் கூடாது. மிஃபிப்ரிஸ்டோன் ஏற்பியையே மறிப்பதால் எலும்புச் செல்லிலும் மறிக்கும், கொள்கையளவில் நல்லதுதான். ஆனால் அனுமதிக்கு அடிப்படையான ஆய்வு 50 பேரிடம் 24 வாரம் நடந்தது, பார்த்தது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும். ஆசிலோட்ரோஸ்டாட்டின் பெரிய ஆய்வில் 137 பேர், அங்கே முதன்மை இலக்கு சிறுநீர் கார்ட்டிசால். எலும்பு முறிவு குறைகிறதா என்பதை முதன்மைக் கேள்வியாக வைத்து இந்த இரண்டு ஆய்வுகளும் நடக்கவில்லை. ஒருமுறை இடித்துக் கட்டவே மாதங்கள் எடுக்கும் எலும்பை 24 வாரத்தில் எடை போடவும் முடியாது. ஆகவே 'இந்த மருந்து எலும்பைக் காக்கும்' என்று தலைப்பு பார்த்தால், காத்தது முறிவிலிருந்தா, இல்லை ரத்தத்தில் ஒரு எண் மட்டும் மாறியதா என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

கார்ட்டிசால் இறங்கியபின் எலும்பு திரும்புகிறதா

திரும்புகிறது, மெதுவாக. முதலில் அசைவது ரத்த எண்கள். முடங்கிக் கிடந்த ஆஸ்டியோபிளாஸ்டுகள் விழித்ததும் ஆஸ்டியோகால்சின் வேகமாக ஏறும், சில மாதங்களுக்கு இயல்பைவிட அதிகமாகவே இருக்கும். எலும்பு இடித்துக் கட்டும் வேகத்தைக் காட்டும் மற்ற குறியீடுகளும் ஏறும். மாதவிடாய் நின்ற பெண்களின் தேய்மானத்தில் இதே குறியீடுகள் ஏறினால் கெட்ட செய்தி. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் பயந்துவிடுகிறார்கள். மிகையான கார்ட்டிசால் நீங்கிய உடம்பில் இது கட்டுமானம் மறுபடி தொடங்கியதற்கான அடையாளம்.

அடர்த்தி ஏறுவது அதற்குப் பிறகு. ஸ்கேனில் தெரியும் முன்னேற்றத்துக்கு ஒன்றிரண்டு வருடம் ஆகும், முழு மீட்சிக்கு இன்னும் பல வருடங்கள். இளையவர்களுக்கு நன்றாகத் திரும்பும். சிலருக்கு முழுசாக வருவதே இல்லை. ஏற்கெனவே நசுங்கிய முதுகெலும்புக் கட்டை எந்த மருந்தாலும் பழைய உயரத்துக்கு வராது, இழந்த உயரம் இழந்ததுதான்.

இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் அறுவையால் குணமானவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. மருந்தில் இருப்பவரின் நிலை கொஞ்சம் வேறு. சிறுநீர் கார்ட்டிசால் இயல்புக்கு வந்தும் ராத்திரி அளவு இறங்காமல் இருக்கலாம். அப்படியானால் எலும்பு தினமும் பல மணி நேரம் மிகையிலேயே நனைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மொத்த அளவு மட்டும் சரியானால் போதும் என்று நிறுத்திவிடாமல் நள்ளிரவு எச்சில் சோதனையையும் சேர்த்துப் பார்ப்பதன் நியாயம் இதுதான்.

வலி எங்கிருந்து வருகிறது

கார்ட்டிசால் ஒரு பலத்த வீக்கம் குறைப்பான். பல வருடம் அதில் ஊறிய உடம்பிலிருந்து அது திடீரென்று இறங்கினால் மூட்டுகள் வலிக்கும், தசை குடையும், அசதி அடித்துப்போடும். இதற்கு ஸ்டீராய்டு விலகல் நிலை என்று பெயர். இரத்தத்தில் கார்ட்டிசால் இயல்பான அளவிலேயே இருக்கும்போதுகூட வரும், மாதக்கணக்கில் இழுக்கும். மருந்து எலும்பை அரிக்கிறது என்று நோயாளிகள் பயப்படுவது பெரும்பாலும் இந்த வலியால்தான். எலும்பு அந்த நேரத்தில் தேறிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் எல்லா வலியையும் இந்தக் கணக்கில் எழுதக் கூடாது. மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்:

1. முதுகில் ஒரே இடத்தில் திடீரென்று குத்தும் வலி வந்தால் முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். எக்ஸ்ரே வேண்டும்.

2. இடுப்பு மூட்டில், நடக்கும்போது தொடை இடுக்கில் வலி என்றால் தொடை எலும்பின் தலை ரத்த ஓட்டமின்றிச் சிதைகிறதா என்று பார்க்க வேண்டும். மிகையான ஸ்டீராய்டின் தெரிந்த பின்விளைவு இது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.

3. வலியோடு வாந்தி, தலைச்சுற்றல், ரத்த அழுத்த வீழ்ச்சி சேர்ந்தால் அது அவசரநிலை. மருந்து அளவு மீறி, கார்ட்டிசால் தேவைக்கும் கீழே போய்விட்டது. மிஃபிப்ரிஸ்டோன் எடுப்பவருக்கு இந்த நேரத்தில் ரத்தக் கார்ட்டிசால் அதிகமாகவே காட்டும் என்பதை அவசரப் பிரிவில் சொல்லத் தவறக் கூடாது. அவருக்கு வழக்கமான ஹைட்ரோகார்ட்டிசோன் போதாமல் போகலாம், டெக்ஸாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு தேவைப்படும்.

அளவு மீறுவதைத் தவிர்க்கச் சிலருக்கு ஒரு முறையைக் கையாள்கிறார்கள். சொந்த உற்பத்தியை மருந்தால் முழுசாக அடைத்துவிட்டு, தேவையானதை ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையாகக் கொடுப்பது. பாதுகாப்பானதுதான். ஆனால் எலும்பின் தலைவிதி இப்போது அந்த மாத்திரையின் அளவில் தொங்குகிறது. பெரியவர்களுக்கு வழக்கமான மாற்று அளவு தினம் 15 முதல் 25 மில்லிகிராம், பிரித்துப் பிரித்து. அசதிக்குப் பயந்து 30, 35 என்று ஏற்றிக்கொண்டே போனால், எதை நீக்க மருந்து தொடங்கினோமோ அதையே வேறு கதவு வழியாக உள்ளே விடுகிறோம். ஜுரம், அறுவை, விபத்து போன்ற நாட்களில் அளவைக் கூட்டுவது வேறு விஷயம், அது உயிரைக் காப்பது.

எலும்புக்குத் தனி சிகிச்சை

கார்ட்டிசால் மருந்தை எலும்பு மருந்தாக யாரும் எழுதித்தருவதில்லை. எலும்பை அதன் போக்கில் தனியாகக் கவனிக்க வேண்டும். தொடக்கத்திலேயே டெக்ஸா ஸ்கேனும் முதுகெலும்பு எக்ஸ்ரேயும், கால்சியமும் வைட்டமின் டியும் போதுமான அளவு, நின்றுபோன மாதவிலக்கு அல்லது குறைந்த டெஸ்டோஸ்டிரோன் பற்றிய விசாரணை, தொடைத் தசைக்குப் பயிற்சி. இவை எல்லோருக்கும் பொது.

முறிவு ஏற்பட்டவர்களுக்கும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கும் எலும்பு மருந்து தேவைப்படும். அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்றவை கரைக்கும் செல்களை அடக்குபவை. தினம் ஊசியாகப் போடும் டெரிபராடைடு கட்டும் செல்களைத் தூண்டுவது. ஸ்டீராய்டு மாத்திரையால் எலும்பு தேய்ந்தவர்களிடம் அலென்ட்ரோனேட்டோடு ஒப்பிட்டபோது டெரிபராடைடு முதுகெலும்பு முறிவுகளைக் குறைத்ததில் முந்தியது. முடங்கியது கட்டுமானம் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, மேலே சொன்ன ரேங்க்எல்லைப் பிடித்துக்கொள்ளும். இதைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கிவைத்த கரைப்பு மொத்தமாகக் கிளம்பி, முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் வரலாம். தவணை தவறக் கூடாது, நிறுத்தும்போது மாற்று மருந்து வேண்டும்.

முறிவு இல்லாத இளையவர், அறுவையில் குணமாகிவிட்டார் என்றால் எலும்பு மருந்து வேண்டுமா? இங்கே நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உடம்பு தானாகவே மும்முரமாகக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இடிப்பை அடக்கும் மருந்து எவ்வளவு கூடுதல் நன்மை தரும் என்பது கேள்வி. ஸ்கேனோடு காத்திருந்து பார்ப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு இது உதவுமா

நேரடியாக உதவாது. மெடிரபோன், கீட்டோகோனசோல் போன்றவை அட்ரினலின் உற்பத்தியை அடைப்பவை. பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை வெளியிலிருந்து வருவது, அதை அவை அடைக்க முடியாது. மிஃபிப்ரிஸ்டோன் மறிக்கும், ஆனால் எந்த நோய்க்காக ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதோ அந்தப் பலனையும் சேர்த்து மறித்துவிடும். உறுப்பு மாற்று செய்தவருக்கு அது ஆபத்து.

இவர்களுக்கான வழி வேறு. ஸ்டீராய்டைக் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு வைப்பதும், தொடங்கும்போதே எலும்பைப் பார்த்துக்கொள்வதும். தினம் 2.5 மில்லிகிராம் பிரட்னிசோலோன்கூட மூன்று மாதத்துக்கு மேல் போனால் முறிவு ஆபத்தைக் கணிக்க வேண்டும் என்கிறது மூட்டுவாத மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க ரூமட்டாலஜி கல்லூரியின் வழிகாட்டி. தேய்மானம் முதல் ஆறு மாதங்களில்தான் வேகமாக நடக்கிறது, ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுக்கலாம் என்று தள்ளிப்போடுவது நஷ்டம். அலுப்பு வந்து மாத்திரையைத் தானாக நிறுத்துவது இன்னும் மோசம், வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டால் தூங்கிப்போன அட்ரினல் உடனே எழுந்துவிடாது.

ஆராய்ச்சியில் ஒரு சுவாரசியமான பாதை உண்டு. செயலற்ற கார்ட்டிசோனைத் திசுக்களுக்குள்ளேயே கார்ட்டிசாலாக மாற்றும் ஒரு நொதி எலும்புச் செல்களிலும் இருக்கிறது, வயதாக ஆக அங்கே அதன் வேலை கூடுகிறது. அதை மட்டும் தடுத்தால் ரத்தத்தில் கார்ட்டிசால் இருக்க, எலும்புக்குள் மட்டும் பாரம் குறையுமா என்று சோதிக்கிறார்கள். வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை.

மன அழுத்தமும் துணை மாத்திரைகளும்

2024இல் சமூக ஊடகங்களில் 'கார்ட்டிசால் முகம்' என்று ஒரு பேச்சு பரவியது. முகம் கொஞ்சம் உப்பினால் கார்ட்டிசால் என்றார்கள், தீர்வாக ஒரு டப்பாவையும் காட்டினார்கள். அன்றாட மன அழுத்தத்தில் கார்ட்டிசால் ஏறி இறங்குவது இயல்பு, குஷிங் சிண்ட்ரோமின் அளவுக்கு அது போவதில்லை. கடுமையான உடற்பயிற்சியிலும் கார்ட்டிசால் சற்று நேரம் ஏறத்தான் செய்கிறது, அதே பயிற்சி எலும்பைப் பலப்படுத்துகிறது. ஏறியது தங்குகிறதா என்பதுதான் எலும்புக்கு முக்கியம்.

அஸ்வகந்தா மாத்திரைகள் கார்ட்டிசாலைச் சற்றுக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. எலும்பு முறிவு அதனால் குறைந்ததாக எந்தச் சான்றும் கிடையாது. கல்லீரல் பாதிப்பும், சிலருக்குத் தைராய்டு ஹார்மோன் மிகையாவதும் பதிவாகியிருக்கின்றன. தைராய்டு மிகை எலும்பைத் தேய்க்கும் என்பது பழைய, உறுதியான பாடம்.

உண்மையாகவே சந்தேகம் இருந்தால், அதாவது எளிதில் தோல் கன்றுவதும், ஊதா நிறத்தில் அகலமான வரிகளும், தொடைத் தசை பலவீனமும், வயதுக்கு மீறிய முறிவும் சேர்ந்து வந்தால், முதலில் கேட்க வேண்டியது வெளியிலிருந்து ஸ்டீராய்டு போகிறதா என்பது. களிம்பு, மூட்டு ஊசி, இன்ஹேலர், என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத வலிநிவாரணப் பொடி எல்லாம் இதில் சேரும். இல்லையென்று தெரிந்தபின் மூன்று சோதனைகள் உண்டு: நள்ளிரவு எச்சில் கார்ட்டிசால், 24 மணி நேரச் சிறுநீர் கார்ட்டிசால், இரவில் 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்து மறுநாள் காலை எடுக்கும் ரத்தம். கடைசிச் சோதனையில் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குமேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். வெவ்வேறு வகையான இரண்டு சோதனைகளாவது இயல்புக்கு மாறாக வந்து, அட்ரினலா பிட்யூட்டரியா என்று இடமும் தெரிந்த பிறகுதான் எந்த மருந்து என்ற பேச்சே தொடங்கும்.